நான் வேண்டாமென்று சொன்ன ஸ்டூல்

உதியன்குளங்கரையில் ஒரு துணிக்கடையில் பதினெட்டு வருடமாக நான் சேல்ஸ்கேர்ள். பெயருக்குத்தான் கேர்ள், வயது நாற்பத்தாறு. காலை முதல் இரவுவரை நிற்க வேண்டும், சுவரில் சாய்ந்தாலே முதலாளி முறைப்பார்.

என்னோடு சேலைப் பிரிவில் நிற்கும், காஞ்சிரங்குளத்திலிருந்து வரும் மேரி யூனியனில் சேர்ந்தாள். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமே உண்டு என்றாள், புகாரும் கொடுத்தாள். லேபர் ஆபீசர் வந்து விசாரித்தபோது, முதலாளிக்குப் பயந்து நான் சொன்னேன்: "எங்களுக்கு நின்னே பழக்கம் சார். ஸ்டூலெல்லாம் வேண்டாம்." பக்கத்தில் நின்ற மேரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

யூனியன் விடவில்லை. கடைசியில் எங்கள் சேலைப் பிரிவுக்கு ஒரு ஸ்டூல் வந்தது. முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்ததால், ஆள் வராத மதியத்திலும் ஒருத்தியும் உட்காரவில்லை. என் கணுக்கால் வீங்கியிருந்ததை மேரி கவனித்திருக்கிறாள். ஸ்டூலை இழுத்து என் பின்னால் போட்டாள்.

"இரியுங்க அக்கா. உங்க காலுக்கும் சேர்த்தாக்கும் நான் எழுதிக் கொடுத்தது."

உட்கார்ந்தேன். முதலாளி முறைத்தார், ஆனால் எழுப்ப முடியாது. பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக அந்தக் கடையை உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால் மேரி நின்றுகொண்டு சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.