செல்வியின் அத்தியாயங்கள்

ஆரம்பாக்கத்து ஆதிகேசவனுக்கு ஒரு நாவல் எழுதிவிட வேண்டும் என்பது கல்யாணத்துக்கும் முந்தைய ஆசை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பைப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பு அவருக்கு. சிறுபத்திரிகைகளில் அவ்வப்போது கதை வந்திருந்ததால், அந்த வட்டாரத்தில் எழுத்தாளர் என்றால் அவர்தான் என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

நாவலுக்கு அவர் போட்ட திட்டம் நல்ல திட்டம்தான். பச்சையப்பன் என்ற லாரி டிரைவரும் அவன் மனைவி செல்வியும் தங்கள் குடித்தனத்தை மாறி மாறிச் சொல்ல வேண்டும். ஒரு அத்தியாயம் அவன், அடுத்தது அவள். நடந்தது ஒன்றுதான், சொல்கிற வாய் இரண்டு. கொஞ்சம் எழுதியதும், நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிற அன்புசெல்வனிடம் படிக்கக் கொடுத்தார். அன்புசெல்வன் எதையும் பூசி மெழுகத் தெரியாத ஆள்.

"பச்சையப்பன் பேசறதும் உன்ன மாதிரி கீது, செல்வி பேசறதும் உன்ன மாதிரி கீது. நீயே பொடவ கட்டிக்கினு வந்து நிக்கிறியேப்பா" என்றார்.

ஆதிகேசவன் திருத்திப் பார்த்தார். செல்வியை அழவைத்தார், வாயாட வைத்தார். எப்படிப் பேசினாலும் அவள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் மாதிரியேதான் பேசினாள். கடைசியில் கிரேஸின் ஞாபகம் வந்தது. அதே கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவில் வேலை செய்கிறவள், தமிழ் எம்.ஏ. கம்பெனி பஸ்ஸில் காதில் விழுகிற பேச்சையெல்லாம் ஃபேஸ்புக்கில் எழுதுவாள். செல்வியின் பங்கை நீ எழுதுகிறாயா என்று கேட்டார். தயங்கித்தான் ஒப்புக்கொண்டாள். எழுத எழுத ஒரு கதை ஆப்பில் வாராவாரம் போடுவது என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் எழுதிய முதல் அத்தியாயத்தை ஆதிகேசவன் சாப்பாட்டு வேளையில் படித்தார். "என்ன பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நான் வெக்கத்துல தலய குனிஞ்சிக்கினு இருந்தேன்னு இவரு சொல்லியிருப்பாரு. வெக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு சாக்ஸுல ஒரு ஓட்ட. அதுலருந்து கட்டவெரல் எட்டிப் பாத்துக்கினு இருந்துது. அதப் பாத்துக்கினு இருந்தேன்" என்று ஆரம்பித்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சுக்குள் ஏதோ எரிந்தது.

அன்றிலிருந்து அந்த எரிச்சல் அவரை விடவில்லை. ஆப்பில் வருகிற கருத்துகளில் பாதிக்கு மேல் செல்வியைப் பற்றித்தான். பச்சையப்பன் அத்தியாயம் வந்தால், "செல்வி எப்போ?" என்று கேட்டார்கள். அவர் மனைவி செண்பகம் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் கதையில் ஒன்றைக்கூட முழுசாகப் படித்தவள் இல்லை. அவளே இப்போது செல்வி வருகிற பக்கங்களை மட்டும் தேடிப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் அதே மாதிரி பேசிக் காட்டினாள். ஆதிகேசவன் உள்ளறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

'ஊடு' என்று கிரேஸ் எழுதியதை 'வீடு' என்று மாற்றிப் பார்த்தார். மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரிய வேண்டாமா என்று காரணம் சொன்னார். அடுத்த வாரமே ஒரு மதுரைக்காரர், செல்விக்கு என்ன ஆயிற்று, டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுகிறாளே என்று எழுதினார். கிரேஸ் ஒன்றும் சொல்லாமல் பழையபடி மாற்றிவிட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். இவளுடைய அப்பா சாலமோன் நம் நிலத்தில் நாற்று நட்டவர்தானே என்று ஒருநாள் மனதுக்குள் ஓடியது. அப்படி நினைத்ததற்காக அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் எரிச்சல் குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செல்வியைக் கொன்றார். நெடுஞ்சாலையைக் கடக்கையில் கன்டெய்னர் லாரி மோதியதாகப் பச்சையப்பன் சொல்லி அழுகிற அத்தியாயம். உருக்கமாக வந்திருந்தது. கிரேஸுக்குச் சொல்லாமலே ஆப்பில் ஏற்றினார்.

அன்று செண்பகம் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் எழுந்து போய்விட்டாள். மறுநாள் கிரேஸ் ஸ்டோர்ஸுக்கு வந்தாள்.

"செல்விய கொன்னுட்டீங்களே சார். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?"

"கத அங்கதான் போவுது கிரேஸ். நான் இன்னா பண்றது?"

"கத போவல சார். நீங்க இட்டுக்கினு போனீங்க."

அடுத்த அத்தியாயம் தன்னுடையதுதானே என்று கேட்டாள். செத்தவள் என்ன பேசிவிடப் போகிறாள் என்று நினைத்து, எழுதிக்கொள் என்றார்.

அந்த அத்தியாயத்தைக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது போனில் படித்தார். "நான் செத்துட்டேன்னு உங்ககிட்டயும் சொல்லிட்டாரா? சோழவரத்துல எங்க அம்மா ஊட்டுல நல்லாத்தான் கீறேன். பொண்டாட்டி உட்டுட்டுப் போயிட்டான்னு சொல்ல அவருக்கு வாய் வரல. செத்துட்டான்னு சொல்றது சுலுவா கீது. பாவம், அழுதுகூட இருப்பாரு."

ரயில் வந்து நின்று கிளம்பியது. ஆதிகேசவன் எழுந்திருக்கவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு பச்சையப்பனை நினைத்துப் பார்த்தார். நல்லவன், உழைப்பாளி என்று தான் வளர்த்த மனிதன் ஒரே பக்கத்தில் பொய்க்காரனாகிவிட்டான். பெண்டாட்டி பிரிந்து போனாள் என்பதைவிட அவள் செத்தாள் என்பதே மேல் என்று நினைக்கிறவன். நாவலில் அதுவரை இல்லாத உயிர் அவனுக்கு வந்திருந்தது. தான் கெட்ட எண்ணத்தில் செய்ததை அவள் கதையாக்கிவிட்டாள். எதைத் தாங்கினாலும் அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

சில வாரங்கள் எதுவும் எழுதவில்லை. செண்பகம்தான் ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆளு இப்ப இன்னாதான் சொல்லப் போறான்? அதக் கேக்கணும்னு கீது."

பச்சையப்பன் வாயைத் திறப்பதற்காக ஒருவர் காத்திருப்பது அதுதான் முதல் தடவை. ஆதிகேசவன் அன்றே உட்கார்ந்தார். அலங்காரமெல்லாம் தானாக விழுந்தது. 'ஆமா, பொய்தான் சொன்னேன்' என்று பச்சையப்பன் ஆரம்பித்தான். டீக்கடையில் எல்லோரும் செல்வி சொன்னதையே சொல்லிச் சிரித்தார்கள் என்றான். தான் பேச வாயெடுத்தால் அவர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள் என்றான். அவள் குரல் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று ஆசைப்பட்டதையும், அந்த வீடு கிடைத்த பிறகு அதில் உட்கார முடியாமல் லாரியிலேயே படுத்ததையும் சொன்னான். எழுதும்போது ஆதிகேசவனுக்குக் கை கூசியது. எதையும் அடிக்கவில்லை.

அன்புசெல்வன் போன் செய்து நெடுநேரம் பேசினார். கருத்துகளில் மக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். மீதி நாவல் ஒரே மூச்சில் முடிந்தது. சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகமாகப் போட முன்வந்தது. அட்டையில் அகர வரிசைப்படி அவர் பெயர் முதலில் வரும் என்று பதிப்பாளர் சொன்னபோது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷப்பட்டது அவருக்கே பிடிக்கவில்லை.

பதிப்பாளரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவரும் கிரேஸும் ஒரே ரயிலில் வந்தார்கள். மீஞ்சூர் தாண்டியதும் பெட்டி காலியானது. தான் அடுத்து ஒரு நாவலைத் தனியாக எழுதப்போவதாகக் கிரேஸ் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"செல்விய நான் கொன்னது பொறாமையிலதான் கிரேஸ். இப்பவும் அது போவல. நீ தனியா எழுதப்போறேன்னதும் மறுபடியும் எரியுது."

கிரேஸ் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"தெரியும் சார். நான் அப்பவே படிச்சுப் புரிஞ்சிக்கினேன்" என்றாள். "நானும் சொல்லிடறேன். பச்சையப்பன் லாரில படுத்துக்கினு இருப்பானே, அதப் படிச்சிட்டு நான் ரெண்டு நாள் ஒண்ணும் எழுதல. அந்த மாதிரி எனக்கு வராதுன்னு ஒரே பேஜாரா இருந்துச்சு."

ஆதிகேசவன் அவளைத் திரும்பிப் பார்த்தார். உண்மையாகவா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டி வரும்வரை அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்கப் படாத பாடு பட்டார்.