பின் அடித்த ரொட்டி

"உங்க அக்கா ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் பூசணம் புடிச்ச ரொட்டிய ஊட்டிவிட்டாங்களாமே?" என்று சித்தப்பா மகள் ஞாயிறன்று போனில் கேட்டாள். அவளுக்கு யாரோ சொன்னார்களாம். கடல் தாண்டி இருப்பவனுக்கு வதந்திதான் முதலில் வந்து சேரும். உண்மை ஆடி அசைந்து பின்னால் வரும்.

அக்காவை அழைத்தேன். எடுத்ததுமே பொரிந்து தள்ளினாள்.

அவள் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வெந்நீர் பிளாஸ்க்கும் கையுமாக அலைவாள். ஒப்பிக்கும் பிள்ளையைக் கண்டால் ஆகாது. "புத்தகத்துல இருக்கறது எனக்கும் தெரியும். நீ என்ன பாத்த? அதச் சொல்லு" என்பாள்.

போன திங்கட்கிழமை மூன்று ரொட்டித் துண்டுகள் கொண்டுபோனாள். ஒன்றைப் பிள்ளைகள் கழுவிய கையால் தொட்டார்கள், ஒன்றைக் கழுவாத கையால். மூன்றாவதை பெஞ்சில் தேய்த்தார்கள். தனித்தனிப் பையில் போட்டு, டேப்பால் வாயை ஒட்டி, சீட்டு எழுதி, ஜன்னலோரம் தொங்கவிட்டாள். திறக்கக் கூடாது, தினமும் பார்க்க வேண்டும். புதன்கிழமை பெஞ்சுத் துண்டில் வெள்ளையாகப் பஞ்சு. வியாழக்கிழமை பச்சை. கை கழுவு என்றால் முறைத்த பயல்களெல்லாம் குழாயடியில் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் இஸ்திரி. சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று முந்தின மாலை வகுப்பு வகுப்பாகச் சுற்றியவர், அந்தப் பச்சையைப் பார்த்திருக்கிறார். மூன்றையும் குப்பையில் போடச் சொல்லி, புது ரொட்டி வாங்கிவரச் செய்து, அதே சீட்டுகளோடு தொங்கவிட்டுவிட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை கிடையாது.

வெள்ளிக்கிழமை பார்வையிட வந்த அம்மாள் கேட்டார்: "இந்த வாரம் என்ன கத்துக்கிட்டீங்க?"

முன்பெஞ்சு வாயாடி எழுந்தாள். "நேத்து பச்சையா இருந்துச்சு மேடம். இன்னைக்குப் புதுசா இருக்கு. ரொட்டிக்கு வயசு குறையாது. யாரோ மாத்திட்டாங்க."

"யாரும்மா?"

"எங்க டீச்சர் டேப்புதான் ஒட்டினாங்க. இதுல பின் அடிச்சிருக்கு. பின் அடிக்கிற மெஷின் ஆபீஸ்லதான் இருக்கு."

வகுப்பே திரும்பி இஸ்திரியைப் பார்த்ததாம்.

அன்று மாலை அவர் அக்காவைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார். "பசங்க சரியா பாக்கல, எதுவும் மாறலன்னு திங்கக்கிழமை முதல் பீரியட்ல நீங்களே சொல்லிடுங்க. நானும் வந்து நிப்பேன். இல்லன்னா அடுத்த வருஷம் வேற இடம் பாத்துக்குங்க."

சனிக்கிழமைக்குள் 'ஊட்டிவிட்ட' கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எந்தச் சட்டையிலிருந்து கிளம்பியது என்று சொல்லவும் வேண்டுமா?

"சொல்லிட்டுப் போயேன்க்கா" என்றேன். "ஒரு வரிதானே? மாமாவுக்கும் இப்ப வேலை இல்ல."

"ஒரு வரியா? இப்பத்தான்டா அதுங்க கண்ணத் தொறந்து பாக்கக் கத்துக்கிட்டிருக்குதுங்க. அந்தக் கண்ணுல நானே மண்ணத் தூவணுமா? தமிழு, இங்கிலீஷுன்னு ரெண்டு மொழியில படிச்சியே, ரெண்டுலயும் 'சரிங்க சார்' மட்டும்தான் சொல்லிக்குடுத்தாங்களா உனக்கு?"

பட்டென்று வைத்துவிட்டாள்.

சுருக்கென்றது. முதலில் அவள்மேல்தான் எரிச்சல் வந்தது. பாத்திரம் கழுவும்போது அது இடம் மாறியது. பிள்ளைகளிடம் பொய் சொல்வதற்கு டீச்சரையே வாடகைக்குப் பிடிக்கிற அந்த மடிப்புக் கலையாத மனுஷனை நினைக்க நினைக்கப் பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அவனுக்கு ஒத்து ஊதியதும் நான்தானே.

இன்று திங்கள். அங்கே முதல் பீரியட் தொடங்கப்போகிறது. சொல்லாதக்கா என்று சொல்லத்தான் அழைக்கிறேன். வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் போனை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவாள்.

ரிங் போகிறது. எடுக்கவில்லை. மறுபடி அழைக்கிறேன். போய்க்கொண்டே இருக்கிறது.