மார்பு ஸ்கேன்னு சத்தமா சொன்னேன்

இடது மார்பில் ஒரு கட்டி. இன்று அல்ட்ராசவுண்ட் எடுக்க ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன்.

வரவேற்பில் இருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேடம், அந்த... லேடீஸ் ஸ்கேனா?"

"மார்பு ஸ்கேன்மா. கட்டி இருக்கு, கேன்சரான்னு பாக்கணும்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

காத்திருந்த ஆண்கள் சட்டென்று போனுக்குள் குனிந்தார்கள். வயிற்று ஸ்கேனுக்கு வந்திருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். "எனக்கும் அங்க ஒண்ணு இருக்கும்மா. ஆறு மாசமா வீட்ல சொல்லல."

உள்ளே டாக்டர் திரையைக் காட்டினார். "இது நீர்க்கட்டி இல்ல. ஊசி வச்சு கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணணும்."

வெளியே வந்ததும் அந்த அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

திங்கட்கிழமை எனக்கு பயாப்ஸி. முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளிக்கலாம். கட்டியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் என் இன்பாக்ஸில் ஒரு புள்ளி வையுங்கள், போதும். டாக்டரிடம் கூட வருகிறேன், சத்தமாகப் பேசுவதும் என் பொறுப்பு.