கிட்டங்கி வாசம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்று. ஆனி மாதம். தூத்துக்குடியை அப்படியே தூக்கிக் கடலில் போட்டுவிடப் போகிறதுபோல மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பேசினால் பல்லில் மணல், சாப்பிட்டால் சோற்றில் மணல், படுத்தால் பாயில் மணல். துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் எங்கள் வாடகை வீடு. அங்கேதான் இது நடந்தது. எனக்கு அப்போது நாற்பது வயது. என் ஒரே மகளுக்கு நாலரை.

நான் ஓர் ஏற்றுமதிக் கிட்டங்கியில் சரக்குப் பார்க்கிறவன். கப்பலுக்குப் போகும் மூட்டையில் சொன்ன சரக்குத்தான் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து, சாக்கின்மேல் குறி போட்டு அனுப்ப வேண்டும். நிலாவாரை இலை, வற்றல் மிளகாய், பஞ்சு, சுக்கு, கருப்பட்டி. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத எனக்குப் பொருத்தமான வேலை. பகல் முழுக்க மூட்டைகளுக்கு நடுவே நடப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பேன். என்னைப் பிடித்து நிறுத்துவதற்கு உலகத்திலேயே ஒரு ஆள்தான் உண்டு. அவள் என் இடுப்பு உயரம்கூட இல்லை.

அவளுக்குப் பள்ளிக்கூட வயசு வரவில்லை. ஆனால் கேள்வி கேட்கிற வயசு வந்துவிட்டது. அலை ஏன் திரும்பிப் போகிறது, உப்புக்கு ஏன் வெள்ளை நிறம், காக்கா குளிக்குமா. பதில் சொல்லி மாளாது என்று விளையாட்டில் இறங்கினேன். அரிசி கிடைக்காத காலம். எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்? தாம்பாளத்தில் உப்பைப் பரப்பி அதில் விரலால் எழுத்துப் போட்டோம். பிடிக்காவிட்டால் ஒரு குலுக்கு, கடல் வந்து அழித்துவிட்டது என்பாள். சிப்பிகளைப் பெரிசு சிறிசாக வரிசை வைத்தோம். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது மோப்ப விளையாட்டு.

அது என் கண்டுபிடிப்பு. கிட்டங்கியிலிருந்து வரும்போது வேட்டி மடிப்பில் ஒரு சிட்டிகை எதையாவது முடிந்து வருவேன். துண்டால் அவள் கண்ணைக் கட்டி மூக்கருகில் நீட்டுவேன். சுக்கா, மிளகா, பஞ்சா, கயிறா? பஞ்சுக்கு ஒரு வாசம் உண்டு என்று அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். "வெயில்ல காஞ்ச பாய் மாதிரி இருக்குப்பா" என்பாள். ஒருநாள், மூட்டைக்குக் குறி போடும் கறுப்பு மசியைத் துடைத்த துணியைக் கொண்டுவந்தேன். அந்த மசியை டர்ப்பன்டைன் விட்டுத்தான் கரைப்பார்கள். முகர்ந்த வேகத்தில் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "சாக்குல எழுதுத மசி! மூக்கைக் கடிக்கு!" என்று கூடம் முழுக்க ஓடினாள்.

என் மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. "பொம்பளப் பிள்ளைய மோப்பம் பிடிக்கப் பழக்குதிய. நாளைக்குப் போலீசுல சேக்கப் போறியளா?" என்பாள்.

நான் அசரவில்லை. இப்போதும் அசரமாட்டேன். நாலு சுவருக்குள் ஒரு துறைமுகத்தையே அந்தப் பிள்ளைக்குக் கொண்டுவந்து இறக்கினேன் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் இதில் ஒரு பொய் இருந்தது. எனக்கு மூக்கு வேலை செய்யாது. பத்துப் பன்னிரண்டு வருஷ மிளகாய்த் தூசியும், அந்தத் தூசிக்கு மருந்தென்று நான் பழகிக்கொண்ட மூக்குப்பொடியுமாகச் சேர்ந்து அதை மரக்கட்டையாக்கிவிட்டன. சாம்பிராணி போட்டால் புகை தெரியும், வாசம் தெரியாது. ஆனால் மகள் ஒன்றைச் சரியாகச் சொன்னதும் நானும் அதை வாங்கி, கண்ணை மூடி, நெஞ்சு நிரம்ப இழுத்து, "ஆமா, சுக்குதான்" என்று தீர்ப்புச் சொல்வேன். கொண்டுவந்தவன் நான், எனக்குத் தெரியாதா? அவளோ, தூத்துக்குடியிலேயே பெரிய மூக்கு அப்பாவுடையது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆனியில் அவளுக்கு இருமல் பிடித்தது. அதே வாரம் கிட்டங்கியில் ஒரு மூட்டை சரிந்து என் தோளில் இடித்துவிட்டது. இரண்டு பேரும் ஒன்றாக ஆஸ்பத்திரிக்குப் போய், ஆளுக்கொரு புட்டி மருந்து வாங்கி வந்தோம். அவளுக்குக் குடிக்கிற மருந்து. எனக்குத் தோளில் தேய்க்கிற மருந்து. இரண்டும் ஒரே மாதிரிப் புட்டி, இரண்டும் கலங்கின வெள்ளை. வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் படிப்படியாக வெட்டின காகிதத்தைக் கம்பவுண்டர் அவள் புட்டியில் ஒட்டியிருந்தார். என்னுடையதில், தேய்ப்பதற்கு மட்டும் என்று சிவப்புச் சீட்டு. அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை.

குறை என் கையில் இருந்தது. அந்தப் படிவெட்டுக் காகிதத்தைப் பார்த்ததும் மகள், "அப்பா, ஏணி!" என்றாள். எனக்கு அது போதாதா? தோள்வலி மறந்துபோயிற்று. புட்டியைத் தண்ணீரில் வைத்துக் காகிதத்தைப் பதமாக உரித்துச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு வேளை மருந்துக்கும் ஒரு படி ஏற வேண்டும், ஏறும்போது எண்ண வேண்டும். ஏணிக்கு உச்சியில் ஒரு கொடி வேண்டாமா? சிவப்புச் சீட்டையும் உரித்தேன். சுவரில் ஏணியும் கொடியும் ஜோராக இருந்தன. மாடத்தில் சீட்டில்லாத இரண்டு புட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வலது பக்கம் அவளுடையது, இடது பக்கம் என்னுடையது என்று மனசில் குறித்துக்கொண்டேன். ஆயிரம் மூட்டையில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடியவன், இரண்டு புட்டியிலா தவறிவிடுவேன்?

முதல் இரண்டு நாளும் மருந்து கொடுத்தது மனைவிதான். மூன்றாம் நாள் அவள் அரிசிக்காக ரேஷன் கடை வரிசையில் நிற்கப் போய்விட்டாள். போகுமுன் மாடத்திலிருந்த மணலைத் துடைத்து, புட்டிகளை எடுத்து வைத்திருக்கிறாள். எடுத்தது எப்படி, வைத்தது எப்படி என்று அவளுக்கு ஞாபகமில்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. எது எந்தப் புட்டி என்று முகர்ந்து பார்த்தால் அவளுக்குத் தெரியப்போகிறது.

மத்தியான வேளை. தோளுக்காக லீவு போட்டு வீட்டில் இருந்தேன். வலது பக்கப் புட்டியைக் குலுக்கி, அவுன்ஸ் கிளாசில் ஊற்றி மகளிடம் போனேன்.

"வாளா, எட்டாவது படி ஏறணும்."

ஓடி வந்தவள் பாதியில் நின்றாள்.

"இது மருந்து இல்லப்பா. சாக்குல எழுதுத மசி."

கெட்டிக்காரி, மருந்துக்கு டிமிக்கி கொடுக்க விளையாட்டையே எடுத்துவிட்டாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "மசி கறுப்பு. இது வெள்ளை. குடி" என்றேன்.

"வெள்ள மசி."

"ஏளா, காலைல இதத்தான குடிச்ச?"

"அது சோம்புத் தண்ணி வாசம். இது மூக்கைக் கடிக்கு."

நான் ஒரு அடி முன்னால் வைத்தால் அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். முதுகு சுவரில் முட்டியது. இருமினாள், அழுதாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்புப் போய்க் கோபம் வந்தது. அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, பிள்ளயப் போட்டு இந்தப் பாடு படுத்துதீரு?"

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண். கடற்கரைத் தெருக்காரி, கழுத்தில் ஜெபமாலை, தலையில் ஓலைக் கூடை. வாய்க்கும் அவளுக்கும் சண்டையே கிடையாது, வந்ததையெல்லாம் பேசிவிடுவாள்.

"மருந்து குடிக்க மாட்டேங்கா" என்றேன்.

கண்ணுக்கு முன்னால் ஒரு சாட்சி வந்து நின்றதும் எனக்கு வாத்தியார் மிடுக்கு வந்துவிட்டது. மகளுக்குப் பழகின முறையிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். கிளாசை என் மூக்குக்குக் கொண்டுபோனேன். கண்ணை மூடினேன். நெஞ்சு நிரம்ப இழுத்தேன். "மருந்துதான்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். வாயிலிருந்த கைகளை மெதுவாக எடுத்தாள். தன் மூக்கை ஒருமுறை புறங்கையால் துடைத்துக்கொண்டாள், ஏதோ அது தப்புச் செய்துவிட்டதுபோல. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

கிளாஸ் அவள் உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கும்.

"நில்லும் அண்ணாச்சி!" என்றாள் மீன்காரி. கூடையை இறக்கிப் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். "என்னமோ கைகால் வலிக்குத் தேய்க்கிற வாடைல்லா அடிக்கு."

"உன் கூடையத் தாண்டியா உனக்கு வாடை வருது?"

"மீன்காரிக்கு மீன்தான் மணக்காது. மத்ததெல்லாம் நல்லா மணக்கும். பிள்ளயும் அதத்தான சொல்லுதா? நீரு சரின்னா நீரு ஒரு வாய் குடிச்சுக் காட்டும். பிள்ள பொறவு குடிக்கட்டும்."

இதென்ன பெரிய காரியம்? மகளுக்கும் தைரியம் வரும், இவள் வாயும் அடைபடும். கிளாசைச் சாய்த்து ஒரு மடக்கு வாயில் விட்டேன்.

தீயைக் குடித்தேன் என்று எழுதினால் அலங்காரமாகப் போய்விடும். அது அலங்காரம் இல்லை. மசி கரைக்கிற அதே டர்ப்பன்டைன்தான் தோள் மருந்திலும். நாக்கு, கன்னம், தொண்டை எல்லாம் ஒரே சமயத்தில் பற்றிக்கொண்டன. கிளாஸ் விழுந்து உடைந்தது. முற்றத்துக்கு ஓடித் துப்பினேன். துப்பத் துப்ப எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "மாதாவே!" என்று கத்திக்கொண்டே மீன்காரி பானையைச் சரித்துச் செம்பு செம்பாகத் தண்ணீர் கொடுத்தாள். கொப்பளித்தேன், கொப்பளித்தேன், நிற்கவேயில்லை. அத்தனை எரிச்சலிலும் எனக்குள் ஒரே ஒரு கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது: நான் ஒரு மடக்கு, அதுவும் துப்பிவிட்டேன், அவளோ சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, மொத்தத்தையும் ஒரே மூச்சில் விழுங்கியிருப்பாள்.

தலை நிமிர்ந்தபோது மகள் எதிரில் நின்றாள். அழவில்லை.

"அப்பா, உனக்கு மணக்கலையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அன்னிக்குச் சுக்கு?"

அதற்கும் தலையாட்டினேன்.

"மிளகா? பஞ்சு?"

ஒவ்வொரு சரக்காகச் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். கிட்டங்கியையே எனக்கு எதிரே கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தாள் அவள். கடைசி மூட்டையும் இறங்கியபின், "அப்போ நான் சொன்னது எல்லாம் நானா சொன்னதா?" என்றாள். ஆமாம் என்றேன், காற்றுத்தான் வந்தது. அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது. அந்தச் சிரிப்பில் என்னைப் பற்றி ஒன்றுமே இல்லை. அது முழுக்க அவளுடையது.

மீன்காரி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "இன்னிக்கு அண்ணாச்சி மீன் திங்க முடியாது. தொண்டைக்குக் கஞ்சிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு நன்றி சொல்ல எனக்குக் குரல் வர ஒரு வாரம் ஆயிற்று. சொன்னபோது, "ஏன், உம்மக் குடிக்கச் சொன்னதுக்கா?" என்று தெருவே கேட்கச் சிரித்தாள்.

வரிசையிலிருந்து திரும்பிவந்த மனைவியிடம் நடந்ததையெல்லாம் மகள்தான் சொன்னாள். மனைவி நேரே சுவருக்குப் போய்ச் சிவப்புச் சீட்டை மட்டும் உரித்தெடுத்து, புட்டியில் சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டினாள். புட்டியைக் கொண்டுபோய் மச்சில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்து எந்த விளையாட்டு?" என்று கேட்டாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

விளையாட்டை நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அதுதான் இரண்டாவது தப்பு. ஆனால் தீர்ப்புச் சொல்கிற வேலையை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து சில நாள் துண்டு என் கண்ணிலும் ஏறியது. அவள் எதையாவது என் மூக்கருகில் நீட்டுவாள். நான், "தெரியல தாயி" என்பேன். அவள் விளக்கிச் சொல்லுவாள்: இது ஈரமான வாசம், இது வட்டமான வாசம், இது அம்மா கோபமா இருக்கும்போது வருகிற தாளிப்பு வாசம். மூக்குப்பொடி டப்பியைத் தூக்கி எறிந்தேன். வாசம் முழுசாகத் திரும்பவில்லை. எப்போதாவது மழைக்கு முன்னால் ஏதோ ஒன்று லேசாகத் தட்டிவிட்டுப் போகும்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. எதற்கெடுத்தாலும் என்னோடு வாதம் செய்கிறாள், பாதி வாதத்தில் ஜெயிக்கவும் செய்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள், பிள்ளைக்கு இவ்வளவு இடம் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுகிறேன். அன்று அவள் மாட்டேன் என்றபோது எனக்கு வந்தது வெறும் கோபம். அது அன்றைக்கே ஆறிவிட்டது. தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் மூக்கை நம்பி அவள் வாயைத் திறந்தாளே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் ராத்திரியில் எழுந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறேன்.