அவள் பெயரில் நாற்பத்தொரு பயணங்கள்

நாற்பத்தாறு வருடங்களில் என் மனைவியை நான் ஒரு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. "இஞ்ச பாருங்க" என்பேன், திரும்பிப் பார்ப்பாள். அவளும் என்னை அப்படித்தான். மகள் பிறந்த பிறகு அவள் "புள்ளட உம்மா" ஆனாள். எங்கள் ஊர் பாலாவியில் மற்றவர்களுக்கு அவள் "சேர்ட வீட்டுல உள்ளவங்க". அவளுடைய பெயர் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் விமானக் கம்பனி அனுப்பிய ஒரு பிளாஸ்டிக் அட்டையிலும் மட்டும் இருந்தது. நான் கணக்குப் படிப்பித்தவன். தரவை முதலில் எழுதிவிட்டுத்தான் வினாவுக்கு வருவேன்.

மகள் மெல்பேர்னில் இருக்கிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் நாங்கள் போனோம். அதே கம்பனியில் ஒரு முறை மக்காவுக்கு உம்றாவும் போனோம். பறக்கும் தூரத்துக்கு ஏற்ப மைல் சேரும் என்றார்கள். எனக்குச் சேர்ந்ததை நான் அடுத்த டிக்கட்டிலேயே கழித்துவிட்டேன். அவள் தொடவிடவில்லை.

"இது சேரட்டும். மூணாவது புள்ளைக்கிப் போக்குள்ள பாத்துக்கலாம்."

அட்டையை அலுமாரியில், மடித்த சாரிகளுக்கு நடுவே வைத்திருந்தாள். கம்பனியிலிருந்து மின்னஞ்சல் வரும்போதெல்லாம் எவ்வளவு என்று என்னை வாசிக்கச் சொல்வாள். சொன்னால், பேரப்பிள்ளை புள்ளி வாங்கியதைக் கேட்பவளைப் போலத் தலையாட்டுவாள். விமானத்தில் அவளுக்குக் கால் வீங்கும். இரண்டாவது பயணத்தில் கீழே இறங்கி நடக்க முடியாமல் சக்கர நாற்காலி கேட்டோம். அந்த மைல்கள் அப்படிச் சேர்ந்தவை. மூன்றாவது பிள்ளை பிறக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் அவள் மவுத்தானாள்.

அதன் பிறகு வீட்டில் என் குரலையே நான் அதிகம் கேட்பதில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், சராசரி பதினெட்டு நிமிடம். அப்படி ஒரு ஞாயிறில்தான் இந்த விஷயத்தை எடுத்தாள்.

"வாப்பா, உம்மாட மைல் எல்லாம் டிசம்பரோட முடிஞ்சிரும்."

"அது அப்படியே இரிக்கட்டும்."

"இரிக்காது வாப்பா, அதைத்தானே சொல்றேன். டிக்கட் எடுக்கவும் காணாது. கம்பனிக்கி எழுதிக் கேட்டேன், ஓட்டோ ஹயருக்கு மாத்திக்கலாமாம். கிளினிக்குக்குப் போங்க, கடைக்குப் போங்க. வெயில்ல பஸ்ஸுக்கு நிக்காதீங்க."

"ஆகாசத்துல ஓடினதை ரோட்டுல செலவழிக்கவா?"

"இப்ப எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. உம்மாட ஃபோன் நம்பரிலேயே, உம்மாட பேர்லயே ஓட்டோ அழைக்கிற ஆப்ல கணக்குத் திறக்கச் சொல்றாங்க. பேர் ஒண்டா இரிக்கணுமாம்."

எனக்கு உடனே வேறொரு கவலை பிடித்தது. எங்கள் மார்க்கப்படி இறந்தவர் விட்டுப்போன எதுவும் பங்குக்குரியது. பிள்ளை இருக்கும்போது கணவனுக்கு நாலில் ஒன்று. ஒரே மகளுக்குப் பாதி. மிச்ச நாலில் ஒன்று அவளுடைய சகோதரனுக்கு. மகள் தன் பங்கை அப்போதே விட்டுக்கொடுத்தாள். மாம்புரியில் மிளகாய்த் தோட்டம் செய்யும் மச்சானுக்கு அன்று பின்னேரம் அழைத்து, நடந்ததை விளக்கி, அவருடைய பங்கைச் சொன்னேன். 

"மச்சான், காணி பூமியெண்டா வேலி போட வருவேன். வானத்துல ஓடின மைலுக்கு எங்க வேலி போட? எடுத்துக்குங்க."

"ஹலாலா விட்டுத் தாரீங்களா?"

"ஹலாலாத்தான். நீங்க மொதல்ல நல்லாச் சாப்புடுங்க."

மகள் அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் செய்து முடித்தாள். மனைவியின் கைத்தொலைபேசியைச் சார்ஜில் போட்டேன். ஒன்றரை வருடமாக அதற்கு ரீலோட் மட்டும் போட்டு இணைப்பு அறாமல் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது.

முதல் நாள் தபால் கந்தோருக்குப் போகவென்று ஓட்டோவை அழைத்தேன். வந்த முதல் ஓட்டோக்காரர் "காசா, கார்ட்டா?" என்று கேட்டு, காசு இல்லை என்றதும் ரத்துச் செய்துவிட்டார். இரண்டாமவர் அழைத்தார். மனைவியின் தொலைபேசி அவளுடைய பழைய மணியோசையுடன் அடித்தது. எடுத்தேன். ஒரு ஆண்குரல் அவளுடைய பெயரை, அவளுடைய வாப்பாவின் பெயரோடு சேர்த்து, கடவுச்சீட்டில் இருக்கிற மாதிரி முழுதாகச் சொன்னது. சொல்லி, "தானே?" என்று கேட்டது.

 அந்த வீட்டுக்குள் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஓம்" என்றேன்.

வாசலில் நின்ற ஓட்டோவில் நாற்பது நாற்பத்தைந்து வயது மனிதர். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உம்மா வரல்லையா சேர்?"

"இன்னைக்கி வரல்ல."

பொய் அந்த 'இன்னைக்கி'யில் இருந்தது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. தபால் கந்தோர் வரையில் அவர் பேசிக்கொண்டே வந்தார். சீமெந்து லொறிகள் ரோட்டைக் கிழித்துப் போட்டிருக்கின்றன என்றார், இந்த முறை மழை பிந்தியதால் உப்பு நன்றாக விளைந்திருக்கிறது என்றார், கார்ட் ஹயர் பணம் கைக்கு வர ஒரு கிழமையாகும் என்றார். இறங்கும்போது "உம்மாக்கு சலாம் சொல்லுங்க" என்றார்.

அன்று வீட்டுக்கு நடந்து வந்து, கொப்பி எடுத்துக் கணக்குப் பார்த்தேன். புத்தளம் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு ஒரு தடவை போகிற மைலில், பக்கத்து இடங்களுக்கு நாலு தடவை போகலாம். ஆகக் குறைந்த தூரமாகப் போனால் மொத்தம் நாற்பத்தொரு பயணம் வரும். அதில் ஒன்று முடிந்திருந்தது.

இதை மகளுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து கிளினிக்குக்கு முன்போலவே வெயிலில் நின்று பஸ்ஸில் போனேன். ஓட்டோவை மீன் கடைக்கும் தபால் கந்தோருக்கும் வெள்ளிக்கிழமைகளில் அவளை அடக்கிய மையவாடிக்கும் மட்டும் அழைத்தேன். எல்லாம் நடந்து போகக்கூடிய தூரம். திரும்பி வரும்போது நடந்தே வந்தேன், ஏனென்றால் அவளை வீட்டு வாசலில் வந்துதான் கேட்க வேண்டும். மீன் கடை வாசலில் நின்று யாரும் அவளைக் கேட்க வேண்டியதில்லை.

காசு கொடுத்தும் அதே பெயரில் அழைக்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் காசில் அவள் பெயரைச் சொல்லவைப்பது கூலிக்கு ஆள் பிடிப்பது. அவளுடைய மைலில் என்றால் அது அவளுடைய பயணம், நான் கூடப் போகிறவன். இந்த வித்தியாசம் வேறு யாருக்கும் விளங்காமல் போகலாம். எனக்கு விளங்கியது.

பாலாவியில் அந்த அழைப்புகளுக்கு வருகிறவர்கள் மூன்றே பேர், மூவரும் அவள் மவுத்தான பிறகு இந்தப் பக்கம் வந்தவர்கள். ஒருவர் பெயரை வேகமாகச் சொல்வார், ஒருவர் இழுத்துச் சொல்வார். முதல் நாள் வந்தவர்தான் திருத்தமாகச் சொல்வார். அவர் அனுப்பிய சலாம்களைக் கொப்பியில் தனியாகக் குறித்தேன். வெள்ளிக்கிழமை மையவாடியில் அந்தக் கிழமைக்குரியவற்றைச் சேர்த்துச் சொல்லிவிடுவேன். கப்றில் உள்ளவர்களுக்குச் சலாம் சொல்வது நம் வழக்கம்தான். ஆகவே அந்த மட்டில் நான் யாரையும் ஏமாற்றவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

முப்பத்தாறாவது பயணத்தில் அவர் தன் மகளுக்குக் கலியாணம் என்றார். நல்லது என்றேன். அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் அவருடைய ஓட்டோ நின்றது. நான் அழைக்கவில்லை. பின்னாலிருந்து அவருடைய மனைவி இறங்கினார்.

"ஆம்புளைகளுக்குக் கார்ட் குடுத்தாப் போதும். பொம்புளைகளுக்கு நேர்ல வந்து சொல்லணுமே" என்றவர், நான் வாய் திறக்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, என் மனைவியின் பெயரோடு "ராத்தா" சேர்த்துக் கூப்பிட்டபடி குசினிப் பக்கம் போய்விட்டார்.

நான் முன்னறையில் நின்றேன். ஓட்டோக்காரர் கதிரையின் நுனியில் உட்கார்ந்து கலியாண அழைப்பிதழைக் கையில் வைத்திருந்தார். மேலே அவளுடைய பெயர் எழுதியிருந்தது. குசினியில் சத்தம் இல்லை. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கழுவிக் கவிழ்த்த ஒரு பீங்கான், ஒரு கோப்பை. அடுப்பில் நேற்றைய பருப்பு. ஜன்னலில் பாண் சுற்றி வந்த கடதாசிகள், அளவு வாரியாக அடுக்கியபடி.

அந்தப் பெண் மெதுவாக வெளியே வந்தார். புருஷனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"சேர், அந்தக் குசினியில பொம்புளக் கை பட்டு எவ்வளவு நாள்?"

"ஒண்டரை வருஷம்" என்றேன். "மவுத்தாகி."

அவர் வாய்க்குள் துஆ ஓதினார். புருஷன் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"அப்ப நான் குடுத்துவிட்ட சலாம் எல்லாம் சேர்?"

"எல்லாம் சேர்ப்பிச்சிட்டேன். இருபத்திரண்டு. எண்ணி வச்சிரிக்கேன்."

"எங்க சேர்ப்பிச்சீங்க?"

"நீங்கதானே வெள்ளிக்கிழமையில கொண்டுபோய் இறக்கிவிட்டீங்க."

அவர் மறுபடியும் கதிரையில் உட்கார்ந்தார். அவருடைய மனைவி, "இவருக்கு வாசல்ல நிண்டு கத்தத்தான் தெரியும். உள்ள ஆள் இரிக்கா இல்லையாண்டு ஒரு நாள் பாத்திரிக்காரா?" என்று அவரை ஏசினார். ஏசியது எனக்காகத்தான் என்று விளங்கியது. போகும்போது என் கையில் ஒரு தொதல் இனிப்புப் பார்சலைத் தந்தார். அவளுக்கென்று கொண்டுவந்தது. ஓட்டோக்காரர் அழைப்பிதழைத் தந்தார். அவர் அதைக் கொடுப்பதற்கு முன் பேனையை எடுத்து மேலேயிருந்த பெயரை வெட்டிவிட்டு, பக்கத்தில் "சேர்" என்று எழுதினார். மரியாதையாகத்தான் செய்தார். ஒரு கோடு, நேரான கோடு.

மிச்சம் ஐந்து பயணங்கள்.

சின்ன ஊரில் ஒரு செய்தி பரவ ஒரு பிளேன்டி குடிக்கிற நேரம் போதும். அடுத்த முறை இழுத்துச் சொல்கிறவர் வந்தார். தொலைபேசி அடித்தது. "சேர், வாசல்ல நிக்கிறேன்" என்றார். வேகமாகச் சொல்கிறவரும் அப்படியே. நாலும் அப்படியே போயின. வழியில் முன்னைவிட அன்பாகத்தான் பேசினார்கள், ஏறும்போது கை கொடுத்தார்கள், ஒருவர் தன்னுடைய வாப்பா மவுத்தானதைப் பற்றிச் சொன்னார். எனக்கு வேண்டியதை மட்டும் யாரும் தரவில்லை. அதைக் கேட்டு வாங்கவும் முடியாது.

கடைசிப் பயணத்தை டிசம்பரின் கடைசி வெள்ளிக்கிழமை வரை வைத்திருந்தேன். தாமதித்தால் வெளியூர் ஆள் யாராவது அகப்படலாம் என்ற நப்பாசையும் இருந்தது. வந்தது கலியாண வீட்டுக்காரர்தான்.

"சேர், வந்திட்டேன்."

தொலைபேசியைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன்.

"ஹலோ? சேர்?"

"வேற ஒண்டும் கேக்க இல்லையா?"

"என்னத்தை சேர்?"

"பேரை."

அவர் எஞ்சினை நிறுத்தினார். பிறகு அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மவுத்தானவங்கட பேரை ஹயருக்குச் சொல்லிக் கேக்க வாய் வரல்ல சேர். கோவிச்சுக்காதீங்க."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. போய் ஏறினேன். மையவாடி வாசலில் இறங்கும்போது நிற்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கையிலிருந்த தொலைபேசி ஒரு முறை அதிர்ந்தது. அவளுடைய பெயரைப் போட்டு, பயணித்ததற்கு நன்றி, மீதி பூச்சியம் என்று இருந்தது.

எங்கள் மையவாடியில் கப்றின் தலைமாட்டு மீசான் கல்லில் பெயர் எழுதுவதில்லை. எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாசலிலிருந்து ஏழாவது வரிசை, பூவரச மரத்திலிருந்து நாலாவது. களப்புப் பக்கமிருந்து காற்று உப்பும் தூசியுமாக அடித்தது. வழமைபோலச் சலாம் சொன்னேன். அன்று என்னுடையது ஒன்றுதான்.

பிறகு அவளுடைய பெயரைச் சொன்னேன். முதல் தடவை அது சரியாக வரவில்லை. பாதிதான் வந்தது, அதையும் காற்று கொண்டுபோனது. இரண்டாம் தடவை எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் சொன்னேன். மூன்று மாதமாக நான் கேட்டுப் பழகிய விதத்தில், வாப்பாவின் பெயரோடு சேர்த்து, முழுதாக, கடைசியில் "தானே?" என்று.

கேட்டவர்கள் பதிலுக்காகக் கொஞ்சம் பொறுப்பார்கள். நானும் பொறுத்தேன். இந்தக் கேள்விக்கு இத்தனை நாளும் பதில் சொன்னது நான்தான்.

"ஓம்" என்றேன்.