மடிப்புக்குள் ஒளிந்த அரக்கு

அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மாதம் முழுக்கச் சடக்கு சடக்கென்று பேசிக்கொண்டே இருக்கும் ஆரணித் தெரு அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொள்ளும். அந்த அமைதி காதுக்குப் பழகவே நடுப்பகல் ஆகிவிடும். பழகிய பிறகு வேறு சத்தங்கள் ஒவ்வொன்றாக வரும். எதிர்வீட்டுக் கொடியில் ஈரப்புடவை சொட்டுவது. எங்கேயோ நேரம் தப்பிக் கூவும் சேவல். தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல என் மனைவியின் தையல் கைமெஷின் கறகறப்பது.

எண்பதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த மெஷின் அவள் பிறந்த ஊரான தேவிகாபுரத்திலிருந்து கொண்டுவந்தது. நான் பட்டு நெய்கிறவன். ஆறு கெஜம் நெய்து தள்ளுவேன், அதில் ஒரு பித்தான் தைக்கத் தெரியாது. அமாவாசைக்கு அமாவாசை அவளிடம் தையல் கற்றுக்கொண்டேன்.

ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறையத் துண்டுத்துணி வைத்திருந்தோம். ரவிக்கை வெட்டியதில் மிஞ்சியவை, தறியில் ஏற்றிய பாவு நூல் முடியும்போது புடவைக்குப் பற்றாமல் நின்ற சாண் அகலத் துண்டுகள். தரையில் கொட்டினால் மயில்கழுத்தும் மாம்பழ மஞ்சளும் கத்தரிப்பூவும் ஒன்றன்மேல் ஒன்று சரியும். கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கிய வெயில் ஒவ்வொரு நிறத்தையும் தொட்டுத் தொட்டு நகரும். அதைப் பார்த்துக்கொண்டே பாதி தூங்குவேன். மீதிப் பாதியில் தைப்பேன். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணி, மூக்குக்கண்ணாடிக்கு உறை, சாவிக்கு ஒரு குல்லா என்று எதையாவது.

இருப்பதிலேயே சுலபம் சுருக்குப் பை. "சாப்பாட்டுத் தட்டக் கவுத்து வட்டம் போடணும். வெட்டணும். ஓரத்த மடிச்சித் தெச்சி நாடா கோக்கணும். அவ்ளோதான்" என்பாள்.

அந்த 'அவ்ளோதான்' எனக்கு வராது. பட்டு, வெட்டிய ஓரத்தில் நூல் நூலாகப் பிரியும். ஊரெல்லாம் அரை விரல் மடித்தால் நான் கட்டைவிரல் அகலம் மடிப்பேன்.

"இன்னாங்க இது? மடிப்புக்குள்ள ஒரு குடும்பத்தயே குடி வெக்கலாம் போல கீதே."

"பிரிஞ்சிடுச்சின்னா?"

"பிரிஞ்சா மறுபடி தெச்சிக்கலாம். உலகமா முழுகிடும்?"

எனக்கு உலகம் தினமும் இரண்டு தடவை முழுகிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தக் கார்த்திகையில் தேசூரிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு வந்தாள். தையில் அவளுக்குக் கல்யாணம். அம்மா முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். சுமங்கலியாகப் போனதால் கூறைப்புடவையையே கட்டி அனுப்பியிருக்கிறார்கள். எடுப்பதற்கு முன்னால், யாருக்கும் தெரியாமல், கொசுவத்தின் உள்பக்கத்தில் உள்ளங்கை அளவு வெட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள் இந்தப் பெண். அதைக் காகிதத்திலிருந்து பிரித்து என் கையில் வைத்தாள். அரக்கு. ஆனால் நான் அதுவரை நெய்த எந்த அரக்கும் இல்லை. அடியில் ஏதோ கனன்றுகொண்டிருந்தது.

"இதே நெறத்துல வேணும்ணா. கடை கடையா ஏறிட்டேன், எங்கயும் இல்ல. பத்திரம்ணா. இது ஒண்ணுதான் கீது."

பத்திரம் என்று என்னிடம் சொல்லக்கூடாது. அமாவாசைக்கு மறுநாள் எடுத்து வா, பார்த்துச் சாயம் போடலாம் என்று சாயக்காரர் சொல்லியிருந்தார். அதுவரை நாலைந்து நாள் அதைக் காப்பாற்றியாக வேண்டும். முதலில் சாமி மாடத்தில் வைத்தேன். எலி வந்தால்? அரிசிப் பானைக்கு மாற்றினேன். புழு இருந்தால்? தறிக்குழியில் வைத்தேன். ஈரம் ஏறினால்? கடைசியில், அமாவாசைக்கு முந்தின நாள், அபாரமான யோசனை ஒன்று வந்தது. துணியைத் துணியோடு ஒளித்தால் எந்தத் திருடனால் கண்டுபிடிக்க முடியும்? காகிதத்தை எடுத்துவிட்டுப் பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அவ்வளவு நிம்மதி எனக்கு ஆகாது என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அமாவாசை அன்று தேவிகாபுரத்திலிருந்து மாமியார் வந்திருந்தார். வெற்றிலை போடுகிறவர். வெற்றிலை முந்தானை முடிச்சில், சுண்ணாம்பு டப்பி இடுப்பில். மாமியாருக்கு ஒரு சுருக்குப் பை தைத்து அசத்திவிட உட்கார்ந்தேன். தெருவில் சத்தமில்லை. வெயில் துண்டுகளின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. கண் சொருகியது. சுண்ணாம்பு டப்பி தனியாக நிற்க உள்ளே ஒரு குட்டிப் பை வைக்கலாமே என்று தோன்றியது. கை போய் ஓர் அரக்குத் துண்டை எடுத்தது. என்ன அழகு என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாலு பக்கமும் கட்டைவிரல் அகலம் மடித்துத் தைத்தேன். மாமியார் பையை இடுப்பில் சொருகிக்கொண்டு சாயங்கால பஸ் ஏறினார்.

மறுநாள் காலையில் சாயக்காரரிடம் கிளம்பும்போது டப்பாவைத் திறந்தேன். கவிழ்த்தேன். மூடியையும் கவிழ்த்தேன். சட்டைப்பையில் தேடினேன். சட்டையே போட்டிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நேத்து எங்கம்மா பைக்கு உள்ள இன்னா நெறத்துல தெச்சீங்க?"

தேவிகாபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியே வேர்க்கடலைக் கொல்லை, கரும்பு, வெள்ளைக் கொக்குகள் எல்லாம் எவர் பயத்துக்கும் சம்பந்தமில்லாமல் மெதுவாகப் பின்னால் போயின. தூரத்தில் மலைக்கோயில் பனியில் மிதந்தது. அந்தப் பெண் எதிரில் நின்று கையை நீட்டுவதுபோலவே இருந்தது. நான் அந்தக் கையில் ஒன்றுமில்லாமல் என் கையை வைக்கிறேன்.

மாமியார் வாசலிலேயே பதறினார். "வாங்க மாப்ளே! இன்னா ஜல்தி ஜல்தியா ஓடியாறீங்க? எம்பொண்ணுக்கு எதனா...?"

"அத்தே, பை!"

"பையா?" இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "குடுத்தத் திருப்பிக் கேக்கற மாப்ளைய இப்பதான் பாக்கறேன்."

பையை விரித்தேன். சுண்ணாம்பு டப்பியின் மூடி சரியாக நிற்காதாம். குட்டிப் பை முழுக்கச் சுண்ணாம்பு. அரக்கு கறுத்து, தீய்ந்த மாதிரி ஆகியிருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் மாமியார் எச்சில் தொட்டுத் துடைக்க வந்தார். "தொடாதீங்க அத்தே!" என்று நான் போட்ட கத்தலில் தெருநாய் எழுந்து போனது.

பகல் பஸ்ஸில் திரும்பி வந்து பையை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கிக்கொண்டேன். பூமிக்குள் போக அதுதான் பக்கத்தில் இருந்த வழி. அவள் வாசல் பக்கம் போனாள். வெளிச்சத்தில் உட்கார்ந்து ஊசிமுனையால் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"வெளிய வாங்க."

"வரமாட்டேன்."

"பேஜார் பண்ணாம வாங்க. உங்க பயம் எவ்ளோ அகலம்னு வந்து பாருங்க."

மடிப்புகளை அவள் விரித்துப் பிடித்திருந்தாள். நடுவில் சுண்ணாம்பு தின்ற கறுப்பு. அதைச் சுற்றி நாலு பக்கமும், கட்டைவிரல் அகலத்துக்கு, ஒரு சொட்டுக்கூடப் படாத அரக்கு. அதே கனல்.

சாயக்காரர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாப்பா இது, நடுவுல கருப்பு, சுத்தி அரக்கு? சாம்பிளுக்கே பார்டர் போட்டு எட்தாந்துகீற?" சொல்லிக்கொண்டே ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவினார். நூலைச் சாயத்தில் மூன்றாவது தடவை முக்கியதும் நிறம் பிடித்தது.

புடவை வாங்க அந்தப் பெண் வந்த அன்று, துண்டை மடித்து நல்ல ஓரம் மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு நின்றேன். மனைவி முழங்கையால் இடித்தாள். விரித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன், எலி முதல் தெருநாய் வரை.

அந்தப் பெண் துண்டைக் கையில் வாங்கினாள். பிறகு, "உங்கள நம்பித்தானேண்ணா குடுத்தேன்" என்றாள். நான் புதுப்புடவையை விரித்து வைத்தேன். துண்டை அதன் மேல் வைத்தாள். நல்ல ஓரம் எங்கே முடிகிறது, புடவை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தாள். அப்படியே தடவிக்கொண்டிருந்தாள். கறுத்த இடத்தை முகர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மாவுக்கு வெத்தலப் பாக்கே ஆவாது. இருந்திருந்தா உங்களக் கிழி கிழின்னு கிழிச்சிருப்பாங்க" என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத ஒரு பையில வெச்சித் தெச்சே குடுத்துடுங்க. தனியா கெடந்தா இன்னொருத்தரு எட்த்து எதனா தெச்சிடுவாரு."

அவள் புடவை நெய்த பாவில் மிஞ்சிய துண்டையே எடுத்தேன். தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டேன். அம்மாவின் துண்டை உள்ளே குட்டிப் பையாக வைத்து, நாலு பக்கமும் கட்டைவிரல் அகலம் மடித்தேன். அன்று அமாவாசை இல்லை. தெருவெல்லாம் தறி அடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி மடிப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெஷினை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.