பத்தொன்பது பேரும் ஒரு தயிர் பாக்கெட்டும்

குரோம்பேட்டையில் ஒரு பல் கிளினிக்கில் பதினோரு வருஷமாக வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் கிருபா, ஃபேன் ஃபிக்‌ஷனும் எழுதுகிறாள், அதாவது டிவி சீரியலில் வருபவர்களை வைத்துத் தன் இஷ்டத்துக்குக் கதை. இது அங்கே டாக்டருக்கு உதவியாக நிற்கும் மிருதுளாவுக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டரை மணி சீரியலில் சமையல்கார மரகதம் தயிர் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போனாள். அதோடு சரி. நடித்தவள் விலகியிருப்பாள். மறுநாள் வேறொருத்தி காபி கொண்டுவந்தாள். மரகதம் எங்கே என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கிருபாவுக்குப் பொறுக்கவில்லை. மரகதம் எங்கே போனாள், என்ன ஆனாள் என்று ஒரு கதைச் செயலியில் முப்பத்துநாலு அத்தியாயம் எழுதிவிட்டாள். படித்தவர்கள் ஒன்பது பேர், மிருதுளாவையும் சேர்த்து.

"இந்த மாசத்தோட நிறுத்திடறேன். செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு."

"கதை சூப்பர்க்கா. வெளிய போட்டிருக்கற சுருக்கம்தான் சர்ச் நோட்டீஸ் மாதிரி இருக்கு."

அது உண்மைதான். சேலையூர்ச் சபையின் அறுப்பின் பண்டிகை நோட்டீஸ் வருஷாவருஷம் கிருபாவின் கைவண்ணம். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டார் ஆறு மாசத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அந்தப் பயத்தில் கதைச் சுருக்கத்திலும் சீரியலின் பத்தொன்பது பேரையும் வயசு வரிசையில் போட்டு, 'குறையிருந்தால் பொறுத்தருளவும்' என்று முடித்திருந்தாள். மரகதம் பதினேழாவது.

"யாரோட ரசிகரும் கோவிச்சுக்கக் கூடாதுல்ல?"

மிருதுளா பதில் சொல்வதற்குள் ஓர் இளைஞன் வாயைப் பொத்திக்கொண்டு வந்தான். விசாரித்துவிட்டு கிருபா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், ஞாயித்துக்கிழமை கல்யாணம். முன்பல்லு ஆடுது."

"உடனே அனுப்புங்க."

மிருதுளா சிரித்துவிட்டாள். "மாப்பிள்ளையோட சித்தப்பா பேரெல்லாம் சொன்னீங்களா? யாரு, என்ன ஆபத்து, எதுக்குள்ள. அவ்ளோதான், டாக்டர் கிளவுஸ் மாட்டிட்டாரு. மரகதத்துக்கும் இதே மாதிரி சொல்லுங்கக்கா."

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கிருபா சுருக்கத்தைத் திருத்தி எழுதினாள். கடைசியில் மரகதம் சொந்தமாக மெஸ் வைக்கிறாள் என்றும் எழுதி, சாப்பாட்டுக்கு முன்னாலேயே பாயசம் ஊற்றியது போலிருக்க, அதை அழித்தாள். அந்தப் 'பொறுத்தருளவும்' மட்டும் போகமாட்டேன் என்றது.

"மரியாதைக்கு இருந்துட்டுப் போகட்டுமே?"

"முப்பத்துநாலு அத்தியாயம் எழுதினவங்க யார்கிட்டக்கா மன்னிப்பு கேக்கணும்?"

கிருபா அதையும் அழித்தாள். மிஞ்சியது இதுதான்:

'தயிர் பாக்கெட் வாங்கப் போன மரகதம் திரும்பவில்லை. வீட்டில் ஒருவரும் தேடவில்லை. விடிந்தால் நிச்சயதார்த்தம், நகை இருக்கும் பீரோவின் சாவி அவள் இடுப்பில்.'

சனிக்கிழமைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் படித்திருந்தார்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று பாதிப்பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கதையில் ஓர் எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை. அதை நினைக்க நினைக்க முதுகு தானாக நிமிர்ந்தது. முப்பத்தைந்தாவதைத் தொடங்கினாள்.

அன்று சாயங்காலம் மேஜையில் கதை திறந்தபடி கிடந்த போனைக் கணவன் டேனியல் எடுத்துப் பார்த்தான்.

"கிருபா, பீரோ சாவி இவகிட்ட எப்படி வந்துச்சு?"

"எழுதியிருக்கேன்ல, படிங்க."

"நீயா எழுதின?"

"ஆமா, நான்தான்."

தோசை ஊற்றப் போகும்போது கூப்பிட்டாள்.

"இரு, ஒம்பதாவது அத்தியாயம் முடிச்சுட்டு வரேன்."

கிருபா அடுப்பை அணைத்தாள். தோசை காத்திருக்கட்டும்.